கூடையில் கிடந்த பிள்ளை

விடுதிக் கூடத்துச் சுவரில் அந்தக் கூடை தொங்கியது. அதற்கு மேலே ஒரு சின்ன விளக்கு, பகலிலும் அணைக்கக் கூடாது என்று முதலாளியம்மாவின் உத்தரவு. வீட்டுக்குள் நுழைகிறவர்கள் கண்ணில் முதலில் படுவது அதுதான். பார்த்துவிட்டு, இது என்ன என்று அவர்கள் கேட்க வேண்டும். கேட்டால்தானே கதையை ஆரம்பிக்க முடியும்?

தினமும் காலையில் அந்தக் கூடையைத் தூசி தட்டுவது அவள் வேலை. தட்டும்போதெல்லாம் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். பிரம்பு பிய்ந்து, ஒரு பக்கம் நசுங்கிய கூடை. அதை வாங்கப் போனபோது முதலாளியம்மாவோடு அவளும்தான் போயிருந்தாள். பழைய சாமான் கடைக்காரர், "கோழி கொண்டுபோற கூடைம்மா, நல்லா கழுவிட்டு வச்சுக்கங்க" என்று சொல்லித்தான் கொடுத்தார். சோப்புப் போட்டுத் தேய்த்து, இடுக்கில் ஒட்டியிருந்த இறகைப் பிடுங்கி எறிந்தவளும் அவள்தான். இப்போது என்னடா என்றால், அதே கூடையில்தான் அவள் கைக்குழந்தையாகக் கிடந்தாளாம். எவளோ பெற்று, இந்த வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போய்விட்டாளாம். வீட்டுக்காரர்கள் இரக்கப்பட்டு எடுத்து வளர்த்தார்களாம்.

இரக்கமாவது மண்ணாங்கட்டியாவது.

அவளைத் தெரிந்தவர்கள் அவளை ஹவுஸ்புல் என்று கூப்பிடுவார்கள். சினிமாக் கொட்டகையில் டிக்கெட் கவுண்ட்டரில் இருபது வருஷத்துக்கு மேல் உட்கார்ந்தவள். உள்ளங்கை நுழைகிற அளவு ஓட்டை, அதற்குப் பின்னால் அவள் முகம். கூட்டம் எவ்வளவு நெரித்தாலும் கை நடுங்காது. வரிசையில் குறுக்கே புகுந்தவன் எவனாக இருந்தாலும், அவன் கொட்டகை முதலாளிக்கு மச்சானாகவே இருந்தாலும், "ஹவுஸ்புல்!" என்று சொல்லிப் பலகையை அவன் விரல் மேலேயே சாத்துவாள். உள்ளே பாதி இருக்கை காலியாகக் கிடக்கும். அது வேறு விஷயம். மூக்குக்கு மேல் கோபம் என்பார்களே, அவளுக்கு மூக்கே கோபம்தான் என்று சக ஊழியர்கள் கேலி செய்வார்கள்.

அந்தக் கோபத்தை எங்கிருந்து வாங்கினாள் என்று யாரும் தேட வேண்டியதில்லை. அப்பாவிடமிருந்துதான். அப்பா பஸ் டிரைவர். அவளுக்கு நாலு வயதில் அம்மா காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். இன்னொரு கல்யாணம் பண்ணிக்கொள் என்று சொந்தக்காரர்கள் படையெடுத்து வந்தார்கள். அப்பா வாசலில் நின்றே அவர்களைத் திருப்பி அனுப்பினார். பிள்ளையை யாரிடமும் விடவும் மனசு வரவில்லை. காலையில் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு டிப்போவுக்குப் போவார். பஸ்ஸில் டிரைவர் இருக்கைக்குப் பக்கத்தில் எஞ்சினை மூடியிருக்குமே அந்த பானெட், அதன் மேல் தடித்த துண்டை நாலாக மடித்துப் போட்டு அவளை உட்கார வைப்பார். அவள் வளர்ந்தது அந்த பானெட்டின் மேல்தான். எழுத்துக் கூட்டிப் படித்தது கடைப் பலகைகளைப் பார்த்து. தூங்கியது எஞ்சின் சத்தத்தில். சத்தம் நின்றால் விழித்துக்கொள்வாள்.

ஒரு நாள் சைக்கிள்காரன் ஒருவன் குறுக்கே வந்தான். அப்பா பிரேக்கை மிதித்தார். துண்டு வழுக்கியது, அவள் சரிந்தாள், இடது முழங்கை தொடங்கி மணிக்கட்டு வரை கொதிக்கிற தகரத்தில் படிந்தது. அப்பா பஸ்ஸை நடு ரோட்டில் அப்படியே நிறுத்தினார். பஸ் நிறைய ஆட்கள். கண்டக்டர், "அண்ணே, அண்ணே" என்று கத்திக்கொண்டிருக்க, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். பயணிகளை நட்டாற்றில் விட்டுவிட்டுப் போனதற்காக அவரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். மறுபடி கூப்பிடும் வரைக்கும் லாரி ஷெட்டில் லாரி கழுவினார். பிள்ளை பக்கத்தில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருக்கும்.

அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. அதைப் பற்றி வீட்டில் பேச்சே கிடையாது. கடைக்குப் போனால் அப்பா அவளுக்கு முழுக்கைச் சட்டையாகத்தான் பார்த்து எடுப்பார், அவ்வளவுதான். அவளுக்குக் கல்யாணம் நடந்தது. கட்டினவன் வேறு ஒருத்தியோடு போனான். அவள் பெட்டியோடு திரும்பி வந்தபோதும் அப்பா ஒரு கேள்வி கேட்கவில்லை. "சாப்பிட்டியா?" என்றார். அன்று முதல் இரண்டு பேரும் ஒரே வீட்டில் மாறி மாறிக் கத்திக்கொண்டு சந்தோஷமாக இருந்தார்கள்.

பிறகு கொட்டகையை இடித்தார்கள். வணிக வளாகம் வந்தது. ஐம்பதைத் தாண்டியவளுக்கு, அதுவும் இந்த வாயை வைத்துக்கொண்டிருப்பவளுக்கு, யார் வேலை கொடுப்பார்கள்? அலைந்து அலைந்து செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம். கடைசியில் பழைய தெருவில் மூன்று வீடுகளைச் சேர்த்து விருந்தினர் விடுதி திறந்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனாள். முதலாளியம்மா அவளை மேலும் கீழும் பார்த்தார். நரைத்த தலை, நிமிர்ந்த முதுகு, ஒடுங்கிய கன்னம். "உங்க முகம் இந்த வீட்டுக்கு ரொம்பப் பொருத்தமா இருக்கு" என்றார். முகம் பார்த்து வேலை கொடுக்கிறார்களே என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது. அன்றைக்கே அவள் சுதாரித்திருக்க வேண்டும்.

அந்த மூன்று வீடுகளும் அண்ணன் தம்பிகள் சண்டை போட்டுப் பூட்டிப்போட்டவை. முதலாளியம்மாவுக்கும் அந்த வீட்டுக்கும் சொட்டு ரத்த சம்பந்தம் கிடையாது. விளம்பரக் கம்பெனியில் வேலை பார்த்தவர், வாரிசுகளிடம் பேசி வாங்கினார். இடைச்சுவர்களை உடைத்து வழி விட்டார். சிமெண்டைச் சுரண்டிவிட்டுச் சுண்ணாம்பு பூசினார். புதுக் கதவுகளைக் கழற்றிவிட்டு எங்கிருந்தோ பழைய கதவுகளைக் கொண்டுவந்து மாட்டினார். அறைக்குள்தான் தனிமை. மற்றதெல்லாம் பொது. உட்காரும் கூடம் பொது, புத்தக அலமாரி பொது, தாழ்வாரத்துக் கோடியில் குளியலறைகள் பொது, சாப்பாட்டு மேசை பொது. அந்த மேசை ஒன்றே ஒன்று, நீளமானது. தங்குகிறவர்கள் எல்லோரும் காலையில் அதைச் சுற்றி ஒன்றாக உட்கார வேண்டும். அங்கே ஒரு வழக்கமும் வைத்திருந்தார் முதலாளியம்மா. ரொட்டியைத் தொடும் முன்னால் ஒவ்வொருவரும் தான் யார் என்று சொல்லி, தன்னைப் பற்றி ஒரு கதையும் சொல்ல வேண்டும். "இங்க யாரும் அந்நியர் இல்ல" என்பார். விடுதிக்கு அந்த மேசைதான் பேர் வாங்கிக் கொடுத்தது.

நல்லவரா கெட்டவரா என்று கேட்டால் சொல்வது கஷ்டம். சம்பளம் தாமதித்ததில்லை. யாரையும் வாடா போடா என்று பேசியதில்லை. குரலில் எப்போதும் தேன். ஆனால் அவருக்கு வாய் திறந்தால் பொய், அதுவும் கூச்சமில்லாத பொய்.

முதல் பொய் ஒரு பிற்பகலில் பிறந்தது. தங்க வந்த ஒரு டாக்டர், "அந்தக் காலத்து ஆளுங்க யாராவது இன்னும் இங்க இருக்காங்களா?" என்று கேட்டார். முதலாளியம்மா சுற்றுமுற்றும் பார்த்தார். அந்த நேரம் பார்த்துத் துவைத்த துண்டுகளோடு இவள் உள்ளே வந்தாள். "இதோ, எங்க பெரியம்மா இருக்காங்களே!" என்றார் முதலாளியம்மா. டாக்டர் கையெடுத்துக் கும்பிட்டார். இவள் தலையை ஆட்டினாள்.

அந்த ஒரு தலையாட்டல்தான் ஆரம்பம். அப்போது அவளுக்கு அது ஒரு வேடிக்கை. கொட்டகையில் இத்தனை வருஷம் கதை விற்றவள். படத்தில் செத்தவன் நிஜமாகச் செத்தானா என்று கவுண்ட்டரில் உட்கார்ந்துகொண்டு யார் கேட்பார்கள்? சாயங்காலம் வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னாள், இரண்டு பேரும் சிரித்தார்கள்.

பொய்க்குக் கை கால் முளைக்க ரொம்ப நாள் ஆகவில்லை. அடுத்து வந்தவர்களிடம் அவள் இந்த வீட்டிலேயே வளர்ந்தவள் ஆனாள். அதற்கடுத்து, அநாதை. ஒரு டீச்சர் மூக்கைச் சிந்தியதைப் பார்த்ததும் முதலாளியம்மா ருசி கண்டுவிட்டார். வாசல் வந்தது, மழை வந்தது, கூடை வந்தது. பழைய காலத்து வெள்ளை உடுப்பு ஒன்று தைத்துக் கொடுத்தார். ஆட்கள் முன்னால் செல்போனை எடுக்காதீர்கள் என்றார். ஹவுஸ்புல் என்று கூப்பிட்ட சமையல்காரரைக் கண்டித்தார். இவள் ஒவ்வொரு முறையும் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். இதைப் பற்றி அப்பாவிடம் பேசுவதையும் நிறுத்திவிட்டாள். அதுதான் அவள் செய்த பெரிய பிசகு.

ஒரு நாள் கேமராவும் கையுமாக ஓர் இளைஞன் வந்தான். மேசையில் எல்லோரும் இருக்கும்போது டீச்சர் அவள் சட்டைக் கைக்குள் தெரிந்த தழும்பைப் பார்த்து, "ஐயோ, இது என்ன?" என்றாள். அந்த டீச்சருக்கு இது மூன்றாவது வருகை. விடுமுறை கிடைத்தால் ஓடி வந்துவிடுவாள். முதலாளியம்மா எழுந்து வந்தார். தண்ணீர்க் கூஜாவோடு நின்ற இவளுடைய கையை மெதுவாகப் பிடித்து, சட்டையை முழங்கை வரை மடித்துவிட்டார்.

"கூடையில கிடந்தப்போ தெருநாய் கவ்வின இடம். நல்லவேளை, இந்த வீட்டுக்காரங்க சத்தம் கேட்டு ஓடி வந்தாங்க. இல்ல பெரியம்மா?"

கேமரா அவள் முகத்துக்கு நேராக இருந்தது. கூஜா கனத்தது. எல்லோரும் அவளையே பார்த்தார்கள். அவள் தலை ஆடியது. ஏன் ஆடியது என்று அதற்கப்புறம் அவள் தன்னையே எத்தனையோ முறை கேட்டுக்கொண்டாள். ஒவ்வொரு முறையும் ஆத்திரம்தான் வந்தது.

அப்பா வழக்கமாக முடி வெட்டிக்கொள்கிற சலூன்காரர், அந்த இளைஞன் எடுத்து இணையத்தில் போட்ட படத்தைத் தன் போனில் பார்த்தார். "டிரைவரய்யா, இது உங்க பொண்ணு மாதிரி இல்ல?" என்று அப்பாவிடமே காட்டினார். பாதி வெட்டிய தலையோடு அப்பா அதைக் கடைசி வரை பார்த்தாராம். மீதி முடியை வெட்டிக்கொள்ளாமல் எழுந்து வந்துவிட்டார்.

அன்று மாலை அவள் வீட்டுக்கு வந்தபோது அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஒரு பக்கம் முடி குட்டை, ஒரு பக்கம் நெட்டை. அவள் சிரித்துவிட்டாள்.

"என்னப்பா இது கோலம்?"

"ஒண்ணும் இல்லைங்க" என்றார் அப்பா. "கொஞ்சம் தண்ணி தர்றீங்களா?"

கிண்டல் என்று நினைத்துத் தண்ணீரைக் கொடுத்தாள். "உங்களுக்குச் சிரமம் கொடுத்துட்டேன்" என்று வாங்கிக்கொண்டார். அவர் முகத்தில் கிண்டல் இல்லை.

"அப்பா, என்ன ஆச்சு?"

"அப்பாவா? யாருக்குங்க அப்பா? உங்களைப் பெரிய வீட்டுக்காரங்க எடுத்து வளர்த்தாங்களாமே. நாய் கடிச்சதாமே. நான் பஸ் ஓட்டினவன், எனக்கு என்ன தெரியும்?"

அவள் விளக்கினாள், மன்றாடினாள், கத்திப் பார்த்தாள். வழக்கமாக அவள் ஒன்று கத்தினால் அவர் இரண்டு கத்துவார். இப்போது, "சரிங்க, சரிங்க" என்றார். சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைத்தார். அடுத்த நாளும் அப்படியே, அதற்கடுத்த நாளும் அப்படியே. சொந்த வீட்டில் அவள் விருந்தாளியாக நடத்தப்பட்டாள். நாலு அறை அறைந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அந்த "ங்க"வைத்தான் தாங்க முடியவில்லை.

முதலாளியம்மாவிடம் நேரே போய் நின்றாள். அலுவலக அறையில் அவர் பூச்செடிப் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தக் கதையை நிறுத்துங்க."

"எந்தக் கதையை?"

"கூடைக் கதையை. எனக்கு அப்பா இருக்காரு. உயிரோட இருக்காரு. என் கையில இருக்கிறது சூடு பட்ட தழும்பு. நாயும் இல்ல, நரியும் இல்ல."

முதலாளியம்மா நாற்காலியைக் காட்டினார். இவள் உட்காரவில்லை.

"கோபப்படாதீங்க. உங்களை நாங்க கேவலமாவா சொன்னோம்? வர்றவங்க உங்க மேல எவ்வளவு பாசமா இருக்காங்க, பாருங்க. அவங்களுக்கு ஒரு சந்தோஷம். யாருக்கு என்ன நஷ்டம்?"

"எங்கப்பாவுக்கு நஷ்டம்."

"சரி, மெதுவா மாத்திக்கலாம். இப்ப உடனே வேணாம். அந்தப் படத்தைப் பார்த்துட்டு எத்தனை பேரு வர்றாங்க தெரியுமா?" பிறகு அவர் குரலில் இன்னும் கொஞ்சம் தேன் கூடியது. "அதுவும் இல்லாம, நீங்கதானே தலையாட்டினீங்க? ஒரு நாளாவது வேண்டாம்னு சொன்னீங்களா?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி இருந்தது அவளுக்கு. உண்மைதானே. இருபது வருஷம் ஊரையே அடக்கின வாய், ஒரு கோழிக் கூடைக்கு முன்னால் அடங்கிக் கிடந்திருக்கிறது. முதலாளியம்மா மேல் வந்த கோபம் பாதி, தன் மேல் வந்த கோபம் பாதி. இரண்டும் சேர்ந்து காது மடல் வரை சுட்டது. அந்தச் சூட்டில்தான் அவளுக்கு அது ஞாபகம் வந்தது. வேலைக்குச் சேர்ந்த அன்று முதலாளியம்மா எல்லோர் முன்னாலும் பெருமையாகச் சொன்ன வார்த்தை அது. இங்கே வேலை செய்கிற ஒவ்வொருவரும் வருஷத்தில் ஒரு நாள் விருந்தாளியாகவே வந்து தங்கலாம், நாம் எல்லோரும் ஒரே குடும்பம். இதுவரை யாரும் தங்கியதில்லை. தங்குவார்கள் என்று முதலாளியம்மாவும் நினைத்திருக்க மாட்டார்.

"இந்தச் சனிக்கிழமை நான் தங்க வர்றேன்" என்றாள். "என் கூட இன்னொருத்தரும் வருவாரு."

அவள் சமாதானமாகிவிட்டாள் என்று முதலாளியம்மாவுக்கு முகம் மலர்ந்தது. "தாராளமா வாங்க! மாடி அறையே எடுத்துக்கங்க. யாரு, சிநேகிதியா?"

"வந்தப்புறம் பாருங்க."

வீட்டில் அப்பாவிடம், சட்டையை எடுத்து வையுங்கள், ஓர் இடத்துக்குப் போக வேண்டும் என்றாள்.

"எங்கங்க? கூடையைப் பார்க்கவா?"

"ஆமா. கூடையைப் பார்க்கத்தான்."

அப்பா அவளை நிமிர்ந்து பார்த்தார். அவள் முகத்தில் இருந்த கோபம் அவருக்குப் பழக்கமான கோபம், கண்ணாடியில் பார்க்கிற கோபம். எழுந்து சலூனுக்குப் போய் மீதி முடியை வெட்டிக்கொண்டு வந்தார்.

சனிக்கிழமை மாலை இரண்டு பேரும் விடுதிக்குள் நுழைந்தபோது கதவைத் திறந்த சமையல்காரருக்கு வாய் மூடவில்லை. "ஹவுஸ்புல் அக்கா, என்ன இது?" என்று கிசுகிசுத்தார். "ரூம் சாவியைக் கொடுங்க, நான் இன்னைக்கு கெஸ்ட்டு" என்றாள். முதலாளியம்மா வெளியே போயிருந்தார்.

அப்பா நேராகக் கூடைக்கு முன்னால் போய் நின்றார். ரொம்ப நேரம் நின்றார். மூக்கைக் கிட்டே கொண்டுபோய் மோந்து பார்த்தார். "கோழிக் கூடை" என்றார், யாரிடமும் சொல்லாமல்.

மாடி அறையில் அவருக்கு ஒன்றும் பிடிக்கவில்லை. மெத்தை உள்வாங்கியது. சுவர் கையில் ஒட்டியது. "பழைய வீட்டை மெனக்கெட்டு இன்னும் பழசாக்கியிருக்காங்க" என்றார். கழிப்பறைக்குப் போனவர் தாழ்வாரத்தில், மறுபடி தங்க வந்திருந்த டாக்டருக்குப் பின்னால் வரிசையில் நின்றுவிட்டுத் திரும்பினார். "இவ்வளவு பெரிய வீடு, இதுக்கும் கியூவா?" அவளுக்குச் சிரிப்பு முட்டியது. ஆனால் அவர் அவளைப் பார்த்துச் சொல்லவில்லை, ஜன்னலைப் பார்த்துத்தான் சொன்னார். படுக்கும்போது, "நீங்க விளக்கை அணைச்சுக்கங்க" என்றார்.

காலையில் நீள மேசை நிரம்பியது. முதல் பொய்யைக் கேட்ட அதே டாக்டர், இந்த முறை மனைவியோடு. டீச்சர். கேமராக்காரன். புதிதாக ஒரு குடும்பம். வெள்ளை உடுப்பு இல்லாமல் சொந்தச் சட்டையில் இவள் வந்து நாற்காலியை இழுத்து உட்கார்ந்ததும் டீச்சர், "அட, பெரியம்மா இன்னைக்கு எங்க கூட சாப்பிடப் போறாங்க!" என்று கைதட்டினாள். முதலாளியம்மாவின் பார்வை பக்கத்தில் உட்கார்ந்த கிழவர் மேல் விழுந்தது. முகத்தில் ஈயாடவில்லை.

ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு வந்தார்கள். டாக்டர் தன் தேனிலவுக் கதையைச் சொன்னார். கேமராக்காரன் மலையில் வழி தவறியதைச் சொன்னான். முறை அப்பாவுக்கு வந்தது. முதலாளியம்மா முந்திக்கொண்டார்: "நேரமாயிடுச்சு, ரொட்டி ஆறிடும், சாப்பிடலாமா?"

"அதெப்படி?" என்றாள் டீச்சர். "இவரு இன்னும் சொல்லலையே. ஐயா, நீங்க யாரு?"

அப்பாவுக்கு ஒரு காது எஞ்சின் சத்தத்திலேயே போய்விட்டது. அதனால் எப்போதும் உரக்கத்தான் பேசுவார். எழுந்து நின்று நாற்காலி முதுகை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"நான் இவளோட அப்பா."

யாரோ கரண்டியை வைத்தார்கள். உடனே முதலாளியம்மா குறுக்கே புகுந்தார் பாருங்கள், அங்கேதான் இருக்கிறது அவருடைய சாமர்த்தியம். கண் கலங்க, கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு, "ஆமாங்க" என்றார். "இத்தனை நாள் நாங்க சொல்லாத ரகசியம் இது. அன்னைக்கு அந்தக் கூடையில இருந்து பெரியம்மாவை முதல்ல கையில எடுத்தவரு இவர்தான். பெத்தவர் மாதிரியே பார்த்துக்கிட்டவரு."

மேசை முழுக்க ஒரு பெருமூச்சு கிளம்பியது. டீச்சர் கைக்குட்டையை எடுத்தாள். கேமராக்காரன் கேமராவை எடுத்தான்.

"என்னது?" என்றார் அப்பா. "எடுத்தேனா? எங்க இருந்து எடுத்தேன்? மார்க்கெட்ல இருந்தா?"

இவள் எழுந்துவிட்டாள். இத்தனை நாள் கொட்டாத வாய் இப்போது கொட்டத் தயாராக இருந்தது. அப்பா கையைக் காட்டி நிறுத்தினார்.

"பெத்தேன். கேட்டுக்கங்க, எல்லாரும் கேட்டுக்கங்க. இவளைப் பெத்தவன் நான். ஆஸ்பத்திரியில நர்சு கொண்டுவந்து என் கையில கொடுத்தாங்க. இவ அம்மா என்னைப் பார்த்துச் சிரிச்சா. எந்த வாசல்லயும் இவ கிடக்கல. என் பஸ்ஸோட பானெட்டு மேல வளர்ந்தவ." அவர் திரும்பினார். "கையைக் காட்டு."

அவள் சட்டைக் கையைத் தானே மடித்துவிட்டாள். முழங்கை வரை மடித்து, மேசைக்கு நடுவே நீட்டினாள்.

"இதுதானே நாய் கடிச்சது? இது என் வண்டி சுட்டது. நான் பிரேக் போட்டப்போ சுட்டது. பஸ்ஸை நடு ரோட்டுல விட்டுட்டு இவளைத் தூக்கிக்கிட்டு ஓடினவன் நான். அதுக்காக வேலை போய் லாரி கழுவினவன் நான். இத்தனை வருஷமா இதை நான் சட்டையால மூடி வச்சிருந்தேன். யாரும் கேட்டு எம்பிள்ளை மனசு நோகக் கூடாதுன்னு மூடி வச்சிருந்தேன். அதை நீங்க திறந்து ஒரு தெருநாய்க்குக் கொடுத்துட்டீங்க. இந்தத் தழும்பு என்னோடது. யாருக்கும் தர மாட்டேன்."

சொல்லி முடித்தும் அவர் உட்காரவில்லை.

இதற்கு மேல் என்ன இருக்கிறது என்று நினைப்போம். அங்கே இருந்தவர்கள் கொஞ்சமாவது வெட்கப்படுவார்கள் என்று நினைப்போம். டாக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "இது உங்க குடும்பப் பிரச்சினை. நாங்க நிம்மதியா ரெண்டு நாள் இருக்கலாம்னு வந்தோம்." அவர் மனைவி, "அந்தக் கதையே நல்லா இருந்துச்சு" என்று முணுமுணுத்தாள். டீச்சருக்கோ கண்ணீர் நின்று கோபம் வந்துவிட்டது, அதுவும் முதலாளியம்மா மேல் இல்லை, இவள் மேல். "அப்போ நான் உங்களைக் கட்டிப்பிடிச்சு அழுதது? நீங்களும்தானே தலையாட்டினீங்க? எங்களை ஏமாத்திட்டீங்களே!"

"ஆமா, ஆட்டினேன்" என்றாள் இவள். "அந்தத் தலையை நான் செருப்பால அடிச்சுக்கணும். எங்கப்பா உயிரோட இருக்கும்போது ஆட்டினேன். ஆனா அழுததைத் திருப்பிக் கேட்காதீங்க. கொட்டகையில இருபது வருஷம் இருந்தேன், படம் பிடிக்கலைன்னு வெளியே வந்தவனுக்கு நான் என்னைக்கும் காசு வாபஸ் கொடுத்ததில்ல."

விறுவிறுவென்று கூடத்துக்குப் போனாள். கூடையை ஆணியிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்து, ரொட்டித் தட்டுக்கும் பழத் தட்டுக்கும் நடுவில் டொம்மென்று வைத்தாள். பிரம்பிலிருந்து தூசி பறந்து வெண்ணெயின் மேல் விழுந்தது. இன்றைக்கு யாரும் தூசி தட்டவில்லை அல்லவா.

"இது கோழிக் கூடை. நானும் முதலாளியம்மாவும் போய்த்தான் வாங்கினோம். கடைக்காரரு கழுவிட்டு வச்சுக்கச் சொன்னாரு. கழுவினவ நான். வேணும்னா மோந்து பாருங்க."

யாரும் மோந்து பார்க்கவில்லை. புதுக் குடும்பத்தின் தலைவர் தன் ரொட்டியைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டார். முதலாளியம்மா எழுந்தார். இப்போது குரலில் தேன் இல்லை.

"இனிமே நீங்க இங்க வேலைக்கு வர வேண்டாம்."

"வருவேன்னு யாரு சொன்னா?"

மாடியிலிருந்து பையை எடுத்துக்கொண்டு அப்பாவும் மகளும் கூடத்தைத் தாண்டினார்கள். சுவரில் வெறும் ஆணி. ஆணிக்கு மேலே அந்தச் சின்ன விளக்கு மட்டும் வெறுமனே எரிந்துகொண்டிருந்தது. அப்பா வாசல் வரை போய்விட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"அந்த லைட்டை அணைச்சுட்டு வாடி. கரண்ட்டு வீணாகுது."

அவள் ஒரு நொடி அப்படியே நின்றாள். பிறகு ஓடிப்போய் அணைத்தாள்.

பஸ் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை, கூட்டம் அதிகமில்லை. முன் இருக்கையில் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். மடித்துவிட்ட சட்டைக் கையை அவள் பழக்கத்தில் கீழே இழுக்கப் போனாள். அப்பா அவள் கையைத் தட்டிவிட்டார். "விடு, இருக்கட்டும்." அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது.

"தலையாட்டுனியாமே! ஆடுமாடா நீ? எவளோ கையைப் பிடிச்சு மடிச்சு விடுறா, நீ கூஜாவைத் தூக்கிக்கிட்டு மண்டையை ஆட்டுற! அந்தக் கூஜாவை அங்கேயே போட்டு உடைச்சிருக்க வேண்டாமா? ஹவுஸ்புல்லாம், ஹவுஸ்புல்லு! வாயைத் திறக்க வேண்டிய இடத்துல மூடிக்கிட்டு, வீட்டுக்கு வந்து எங்கிட்ட மட்டும் கத்து!"

குரல் பஸ்ஸின் கடைசி இருக்கை வரை கேட்டது. அவள் தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் தளும்பியது, துடைக்கவில்லை. பின்னால் இருந்த ஒருவர் பொறுக்க முடியாமல் குனிந்து, "பெரியவரே, பொது இடத்துல ஒரு பொம்பளையை இப்படித் திட்டுறீங்களே, யாரு அவங்க?" என்றார்.

அப்பா முழு உடம்பையும் திருப்பி அவரைப் பார்த்தார்.

"என் பொண்ணு. நான் பெத்த பொண்ணு. நான் திட்டாம வேற எவன் திட்டுவான்?"

அப்பா மறுபடி இந்தப் பக்கம் திரும்பி, விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தார். இறங்க வேண்டிய நிறுத்தம் வரும் வரை ஓயவில்லை.